சிடி வாங்குகிறீர்களா? பல்லைப் பிடித்துப் பாருங்கள்

அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) எண்பது முடிந்த வருஷம் 'மலைக்கள்ளன்' சிடி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு. ஹாலில் மாமா புதிதாக மாட்டியிருந்த அகலமான டிவி. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, எம்ஜியாரு இத்தனை குண்டாவா இருந்தாரு?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இந்த எடத்துல ஒரு பாட்டு வரோணுமே" என்றார். பாட்டு வரவில்லை, அடுத்த காட்சி வந்துவிட்டது.

இரண்டுக்கும் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. முதலாவது டிவியில் இருந்த கோளாறு. இரண்டாவது, அந்த சிடித் தட்டைத் தயாரித்தவர் செய்த வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷமும் நிறையப் பணமும் ஆனது. பழைய படமோ, அந்தக் காலத்து டிவி தொடரோ, வெளிநாட்டில் புதிதாக வரும் ப்ளூரேயோ முதன்முதலாக வாங்கிச் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு அந்தச் செலவு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஈரோட்டுக் கருங்கல்பாளையம் சந்தையில் மாடு வாங்கப் போனால் கொம்பில் பூசின வர்ணத்தையும் கழுத்து மணியையும் பார்த்து யாரும் பணம் எண்ண மாட்டார்கள். வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சிடி விஷயத்தில் மட்டும் நம்மாட்கள் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். எங்கள் பக்கம் வட்டமாக, பளபளவென்று இருந்தால் எல்லாமே 'சிடி'தான். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் உள்ளே நாலு ஜாதி இருக்கிறது. விசிடியில் படம் 352க்கு 288 புள்ளி; ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு வேண்டும். டிவிடியில் 720க்கு 576. ப்ளூரேயில் 1920க்கு 1080. 4கே ப்ளூரேயில் 3840க்கு 2160. அளவில் நாலும் ஒன்றுதான், 12 சென்டிமீட்டர். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அட்டையில் உள்ள முத்திரையைத்தான் பார்க்க வேண்டும். விசிடியைப் பெரிய டிவியில் போட்டால் பட்டாணி பட்டாணியாகக் கட்டம் தெரியும். வேறு எதிலும் கிடைக்காத படமாக இருந்தால் ஒழிய விசிடியை இனி வாங்காதீர்கள்.

பெட்டியை முடிவு செய்யுங்கள்

தட்டு வாங்கும் முன் பிளேயர். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அமெரிக்காவிலிருந்து ஆசையாக நாலு ப்ளூரே தருவித்துவிட்டு, வீட்டு டிவிடி பிளேயரில் போட்டு 'நோ டிஸ்க்' என்று வந்ததும் தட்டு ஓட்டை என்கிறார்கள். டிவிடி பிளேயர் ப்ளூரேயைப் படிக்காது. ப்ளூரே பிளேயர் டிவிடியையும் படிக்கும், ஆனால் 4கே தட்டைப் படிக்காது. 4கே பிளேயர் மூன்றையும் படிக்கும். அதனால் புதிதாக வாங்குவதென்றால் மேலே உள்ளதை வாங்கினால் கீழே உள்ளதெல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

பிளேயர் செய்கிற கம்பெனிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஓப்போ 2018இல் விலகியது, சாம்சங் 2019இல் விலகியது. இன்றைக்குப் பெயர் சொல்லி வாங்கக்கூடியவை சோனியும் பானசோனிக்கும். வீட்டில் பையன் விளையாடத் தட்டு போடுகிற பிளேஸ்டேஷன் 5 வைத்திருந்தால் புதுப் பெட்டியே வேண்டாம். அது 4கே தட்டையும் ஓட்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் அப்படியே. பிளேஸ்டேஷன் 4 ப்ளூரே வரைக்கும்தான்.

அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளையிடம் "ஒரு பிளேயர் கொண்டு வாங்க" என்று சொல்லும் முன் ஒரு நிமிஷம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பெட்டியின் பின்பக்கம் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. வெறும் 120 என்றிருந்தால் செருகின நொடியில் புகை வரும். அது போக, அங்கே விற்கிற பெட்டி நம் நாட்டுத் தட்டுகளில் பலவற்றை ஓட்டாது. அதற்குக் காரணம் அடுத்தது.

எந்த நாட்டுத் தட்டு?

படக் கம்பெனிகள் உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் விற்ற தட்டு இன்னொரு பகுதிப் பெட்டியில் ஓடாதபடி பூட்டு போட்டிருக்கின்றன. டிவிடிக்கு ஆறு பகுதிகள். அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பா, ஜப்பான், மத்தியக் கிழக்கு 2. தென்கிழக்கு ஆசியா 3. ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4. இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. ப்ளூரேக்கு மூன்றே பகுதிகள்: அமெரிக்கக் கண்டம், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பி, இந்தியா, சீனா, ரஷ்யா சி. 4கே தட்டுக்குப் பகுதிப் பூட்டே வைக்கவில்லை. ஆனால் அதோடு கூடவே வரும் சாதா ப்ளூரேக்குப் பூட்டு இருக்கலாம்.

தமிழ்ப் படத் தட்டு மட்டும் சேர்க்கிறவருக்கு இதில் தலைவலி குறைவு. அவற்றில் பெரும்பாலானவை எல்லாப் பகுதிக்கும் பொதுவாக, அட்டையில் பூமி உருண்டைக்குள் 'ஆல்' அல்லது 0 என்று போட்டே வரும். லண்டனிலிருந்து ஐங்கரன் வெளியிட்டவையும் சென்னை ஏபி இன்டர்நேஷனல் வெளியிட்டவையும் வெளிநாட்டுத் தமிழர்களை நினைத்து எடுத்தவை. எங்கே போட்டாலும் ஓட வேண்டும் என்பதுதான் அவர்கள் வியாபாரமே.

வெளிநாட்டுப் படம் சேர்க்கிறவர் எல்லாப் பகுதியும் படிக்கிற பிளேயர் தேட வேண்டும். டிவிடி பகுதியை மட்டும் பல பிளேயர்களில் ரிமோட்டில் ஒரு எண் வரிசை அழுத்தியே திறந்துவிடலாம். ப்ளூரே அவ்வளவு லேசில் திறக்காது, உள்ளே கை வைத்து மாற்றி விற்கிற பெட்டி வேண்டும். கம்ப்யூட்டரில் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: டிவிடி டிரைவின் பகுதியை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எங்கே நிறுத்தினீர்களோ, அங்கேயே கல்வெட்டு மாதிரி நின்றுவிடும்.

அட்டையின் பின்பக்கம்

இங்கேதான் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலை ஆரம்பிக்கிறது. முன்பக்க அட்டையைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். அது மாட்டு மணி.

'டிஜிட்டலி ரீமாஸ்டர்டு' என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். பழைய டேப்பில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தாலும் அதே பெயர்தான். நீங்கள் தேட வேண்டியது, எதிலிருந்து எடுத்தார்கள் என்ற ஒரு வரி. 'ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து (படம் பிடித்தபோது கேமராவில் ஓடின மூலப் பிலிம்) 4கே ஸ்கேன்' என்று இருந்தால் அது மேல்தரம். நெகட்டிவ் இல்லாமல் அதிலிருந்து எடுத்த நகல் என்றால் அடுத்த தரம். தியேட்டரில் ஓடி ஓடித் தேய்ந்த பிரிண்ட் என்றால் அதற்கும் கீழே. எதுவுமே எழுதவில்லை என்றால் பெரும்பாலும் பிரிண்ட் அல்லது டேப்தான். நெகட்டிவைத் தேடிப் பிடித்து, செலவு செய்து ஸ்கேன் பண்ணினவர் அதைச் சொல்லாமல் இருப்பாரா?

சொல்லாவிட்டாலும் நாமே கண்டுபிடிக்க வழி உண்டு. படம் ஓடும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டப் புள்ளி பளிச்சென்று வந்து போகிறதா? சில நொடி கழித்து மறுபடி ஒன்று? அது தியேட்டரில் ஆபரேட்டருக்கு வைத்த குறி. முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினை ஓட விட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்ற வேண்டும். அந்தக் குறி தெரிந்தால் தட்டு அநேகமாகத் தியேட்டர் பிரிண்டிலிருந்து வந்தது. தூசியையும் கவனியுங்கள். நெகட்டிவில் ஒட்டின தூசி திரையில் வெள்ளையாகத் தெரியும், பிரிண்டில் ஒட்டினது கறுப்பாகத் தெரியும். படம் முழுக்கக் கறுப்புப் புள்ளியாக மழை பெய்தால் ஓடிக் களைத்த பிரிண்ட் என்று அர்த்தம்.

உண்மையான மீட்டெடுப்பு என்றால் என்ன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சத்யஜித் ரேயின் அபு படங்கள் மூன்றின் நெகட்டிவும் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகின. கருகினதைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்தார்கள். இத்தாலியின் போலோனியாவில் உள்ள கூடத்தில் அந்தச் சுருள்களைப் பதப்படுத்தி, ஓரத்து ஓட்டைகளைக் கையாலேயே சரி செய்து, தேறாத இடங்களுக்கு வேறு நகல்களிலிருந்து எடுத்துச் சேர்த்து, 2015இல் முழுப் படமாகத் திரும்ப வந்தது. நல்ல படங்களைத் தேடித் தட்டாக வெளியிடும் அமெரிக்கக் கம்பெனி கிரைட்டீரியன் அதைப் ப்ளூரேயாக வெளியிட்டது. நம் ஊர்க் கடையில் 'ரீமாஸ்டர்டு' என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கும் இதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த உதயசங்கரின் 'கல்பனா' (1948) கூட அப்படிப் போலோனியாவில் மீட்டெடுக்கப்பட்டுத் தட்டாக வந்திருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) டி.ஆர். சுந்தரத்தின் அந்தக் கம்பெனி எடுத்ததுதான். இன்றைக்கு அதற்குப் பிரதியே இல்லை. யாராவது அதைத் தட்டில் தருகிறேன் என்றால் பணத்தை எடுக்காதீர்கள். அந்த ஸ்டுடியோவில் மிச்சம் நிற்பது ஏற்காடு ரோட்டில் ஒரு வளைவு. பஸ்ஸில் போகும்போது பார்த்தால் மனது என்னவோ செய்யும்.

சரி, அட்டைக்கு வருவோம். 'மூன்று படம் ஒரே தட்டில்' என்பதை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் இடம். இரண்டரை மணி நேரப் படம் மூன்றை அதில் திணித்தால் ஆளுக்கு ஒன்றரை ஜிபி. டவுன் பஸ்ஸில் மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் மாதிரி நசுங்கித்தான் வரும். முகம் மெழுகாகிவிடும், ஓடுகிற குதிரை கட்டம் கட்டமாக உடையும். இரண்டு அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி, ஒரு தமிழ்ப் படத்துக்கு அதுதான் தாராளம். ப்ளூரே என்றால் 25 அல்லது 50.

தட்டின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளியாக இருந்தால் ஆலையில் அச்சடித்தது. ஊதா சாயல் அடித்தால் வெற்றுத் தட்டில் ஒவ்வொன்றாகப் பதிந்த, அதாவது 'பர்ன்' பண்ணி எரித்த டிவிடி. எரித்ததெல்லாம் திருட்டு என்று சொல்ல முடியாது. அமெரிக்க வார்னர் கம்பெனியின் வார்னர் ஆர்க்கைவ் 2009இல் ஆரம்பித்தபோது ஆர்டர் வந்த பிறகு எரித்துத் தரும் முறையில்தான் பழைய படங்களை விற்றது. ஆனால் எரித்த தட்டில் படத்தைத் தாங்குவது சாயம். வெயில் பட்டால் சாயம் போகும், சாயம் போனால் படமும் போகும். திருப்பூர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

படம் முழுசா இருக்கிறதா?

அப்புச்சி கேட்ட இரண்டாவது கேள்வி இது. தமிழ்த் தட்டுகளில் அதிகம் நடக்கிற அநியாயமும் இதுதான். மூன்று மணி நேரப் படத்தை ஒரே தட்டில் அடக்குவதற்காகப் பாட்டைத் தூக்கிவிடுவார்கள், காமெடியைப் பாதியில் நறுக்குவார்கள். அட்டையில் ஓடும் நேரம் எழுதியிருந்தாலும் அது சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. படம் ஆரம்பிக்கும் முன் சென்சார் சான்றிதழ் வரும் இல்லையா, அதை எல்லோரும் தாண்டி ஓட்டிவிடுவோம். அடுத்த முறை அங்கே நிறுத்திப் படியுங்கள். படத்தின் நீளம் அதில் எழுதியிருக்கும், ரொம்பப் பழசில் அடிக் கணக்கில், பிறகு வந்ததில் மீட்டரில். 35 எம்எம் பிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் சொன்னால் 27.4. அந்த எண்ணை இதால் வகுத்தால் போதும். 4,500 மீட்டர் என்று இருந்தால் 164 நிமிஷம், அதாவது இரண்டு மணி நாற்பத்து நாலு நிமிஷம். தட்டு இரண்டேகால் மணியில் முடிந்தால் அரை மணி நேரப் படம் எங்கேயோ போயிருக்கிறது.

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாமல் இருக்க இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சினிமா ஒரு நொடிக்கு 24 படம். நம் டிவி முறையான 'பால்' ஒரு நொடிக்கு 25. பால் முறையில் தட்டு தயாரிக்கும்போது பெரும்பாலும் படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட விட்டுவிடுவார்கள். அதனால் நூற்றுக்கு நாலு வீதம் நேரம் குறையும். அதே 164 நிமிஷப் படம் 157 நிமிஷத்தில் முடியும், ஒரு காட்சி கூடப் போயிருக்காது. பாட்டின் சுருதி மட்டும் ஒரு இழை ஏறியிருக்கும், காது கூர்மையானவர்கள் கண்டுபிடிப்பார்கள். ஏழெட்டு நிமிஷம் குறைந்தால் விட்டுவிடுங்கள். இருபது நிமிஷம் குறைந்தால் விடாதீர்கள்.

சில தட்டுகளில் சான்றிதழே இருக்காது. அதற்கு என் கைவைத்தியம்: அந்தப் படத்தின் பாட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டையும் ரிமோட்டில் தாவித் தாவித் தேடுவது. பாட்டுகள் எல்லாம் முழுசாக இருந்தால் படமும் அநேகமாக முழுசாக இருக்கும். முதலில் வெட்டுப்படுவது பாட்டுதான்.

ஒரு படத்துக்கு ஏன் இத்தனை விதமான தட்டு என்று கேட்கலாம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' 2014 முடிவோடு அதிலிருந்து விடுபட்டது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், நல்லவரும் அச்சிடலாம், அவசரக்காரரும் அச்சிடலாம். புதுப் படத்தின் திருட்டுத் தட்டு வேறு கதை. தமிழ்நாட்டில் 2004இலிருந்து அதற்குக் குண்டர் சட்டமே பாயும். தவிர, அதை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு 'கலெக்‌ஷன்' என்று சொல்ல நாக்கு எழாது.

குண்டு எம்ஜிஆர்

முதல் கேள்வியை முடித்துவிடலாம். அந்தக் காலத்துப் படம் அகலத்தில் நாலு பங்கு என்றால் உயரத்தில் மூன்று பங்கு இருக்கும், கிட்டத்தட்டச் சதுரம். இப்போதைய டிவி பதினாறுக்கு ஒன்பது. சதுரத்தை இழுத்து அகலத்தை நிரப்பினால் எல்லோருக்கும் உடம்பு போட்டுவிடும். டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றுகிற பொத்தான் இருக்கும், அதை 4:3க்கு வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வீட்டில் யாராவது ஒருவர் "காசு குடுத்து வாங்கின டிவி, பாதி கறுப்பா இருக்கே" என்பார். சமாளியுங்கள்.

சில தட்டுகளில் இழுக்காமல், மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு அகலத் திரைக்குப் பொருத்தியிருப்பார்கள். ஆள் ஒல்லியாகத்தான் இருப்பார், தலைமுடியும் காலும் காணாமல் போயிருக்கும். இதை ரிமோட்டால் சரி செய்ய முடியாது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தின தமிழ்ப் படம் எதுவாவது உங்கள் டிவியை ஓரம் வரை நிரப்பினால் ஒன்று இழுத்திருக்கிறார்கள், இல்லை வெட்டியிருக்கிறார்கள்.

புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்குகிற அமைப்பு ஒன்று உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு. அதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கறுப்பு வெள்ளைப் படம் கூட நேற்று எடுத்த சீரியல் மாதிரி தெரியும்.

டிவி தொடர்கள்

தொடர் வாங்குகிறவர் முதலில் எண்ண வேண்டும். தூர்தர்ஷன் 'ராமாயணம்' 78 பகுதி, 'மகாபாரதம்' 94 பகுதி. பெட்டியில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அது சுருக்கப் பதிப்பு. எந்த மொழி ஒலி இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் புரியாத ஹிந்தியிலேயே பார்த்து அழுத தலைமுறைக்கு வேண்டுமானால் அது பிரச்சினை இல்லை.

இரண்டாவது, அந்தத் தொடரை எதில் எடுத்தார்கள் என்பது. பிலிமில் எடுத்திருந்தால் அதைத் திரும்ப ஸ்கேன் செய்து ப்ளூரே தரத்துக்குக் கொண்டு வரலாம். அமெரிக்காவின் 'ஐ லவ் லூசி' 1951இல் ஆரம்பித்தது, 35 எம்எம் பிலிமில் எடுத்தது. அதனால் எழுபது வருஷம் கழித்தும் பளிச்சென்று இருக்கிறது. வீடியோ டேப்பில் எடுத்திருந்தால் டேப்பில் இருப்பதுதான் இருக்கும். அதைப் ப்ளூரேயில் போட்டு விற்றால் மேலும் தெளிவு வராது, நிறையப் பகுதிகள் ஒரே தட்டில் அடங்கும், அவ்வளவுதான். நம் டிவி நாடகங்களில் கணிசமானவை டேப் காலத்தவை என்பதால் அவற்றுக்கு டிவிடியே போதும். 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர் நடுவில் மாட்டிக்கொண்டது: படம் பிடித்தது பிலிமில், எடிட் பண்ணினது டேப்பில். ப்ளூரேக்காக ஒவ்வொரு ஷாட்டையும் பிலிம் டப்பாவிலிருந்து தேடி எடுத்துத் திரும்ப எடிட் செய்தார்கள். தொடரைப் புதிதாகவே எடுத்து முடித்த மாதிரி வேலை.

டேப்பே இல்லாவிட்டால்? பிபிசி 1960களின் 'டாக்டர் ஹூ' டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. தொண்ணூறுக்கும் மேலான பகுதிகள் இல்லாமல் போயின. ஆனால் அன்றைக்கு வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ரசிகர்கள் பதிந்த ஒலி கிடைத்தது. அந்த ஒலிக்கு ஏற்றபடி கார்ட்டூன் வரைந்து சில கதைகளைத் தட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். நம் பக்கம் பழைய தொடரோ நாடகமோ விஎச்எஸ் கேசட்டில் பதிந்து வைத்திருக்கும் வீடு இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்து வெள்ளைப் பூசணம் இருந்தால் டெக்கில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். பூசணம் டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றுங்கள்.

வெளிநாட்டுத் தொடர்களில் இன்னொரு தொல்லை பாட்டு உரிமை. ஒளிபரப்பில் பின்னணியில் ஓடின பிரபலப் பாட்டுக்குத் தட்டில் விற்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாதவர்கள் அந்த இடத்தில் யாரோ வாசித்த கிட்டாரைப் போட்டுவிடுவார்கள். பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று கேட்டு வாங்க வேண்டியது இதற்காகத்தான்.

எங்கே வாங்குவது

புதிய தமிழ்ப் படங்கள் தட்டில் வருவது அநேகமாக நின்றுவிட்டது. 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது பெட்டிக் கடையில் பிஸ்கெட் பக்கத்தில் கூடத் தட்டு தொங்கியது. அந்தக் கம்பெனியே பிறகு திவாலானது. ஆக, தமிழ்த் தட்டுக்குப் பழைய சரக்குதான் வழி. கோயம்புத்தூரில் உக்கடம், டவுன்ஹால் பக்கத்துப் பழைய சாமான் கடைகளை நிதானமாகச் சுற்றுங்கள். அதைவிட நல்ல இடம், மூடப்பட்ட சிடி வாடகைக் கடைகள். ஈரோடு, பல்லடம், உடுமலை, ராசிபுரம், எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார்; இப்போது ஜெராக்ஸ் கடையோ செல்போன் ரீசார்ஜோ வைத்திருப்பார்; பரணில் மூட்டை இருக்கும். "அண்ணா, பழைய சிடி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் பாதிப் பேர் டீ வாங்கிக் கொடுத்துப் பழங்கதையும் சொல்வார்கள். டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்துக் கோயில் நோம்பிக்கு விடிய விடிய மூன்று படம் போட்ட கதை கட்டாயம் வரும். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் ஊடுருவினால் உள்பூச்சு அரித்திருக்கிறது, வேண்டாம். மேலாகக் கீறல் மட்டும் என்றால் பெரும்பாலும் ஓடும். கீறல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகப் போனால் பயமில்லை, வட்டமாகச் சுற்றிப் போனால்தான் படிக்காது.

வெளிநாட்டுப் புதுத் தட்டுகளுக்கு நாள் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை, இங்கிலாந்தில் திங்கட்கிழமை கடைக்கு வரும். கிரைட்டீரியன் ஒவ்வொரு மாத நடுவிலும் மூன்று மாதம் கழித்து வரப்போவதை அறிவிக்கும். பிரிட்டனின் ஆரோ, யுரேகா, பிஎஃப்ஐ, அமெரிக்காவின் கினோ லோர்பர் இவர்களும் முன்கூட்டியே சொல்வார்கள். சின்ன வெளியீட்டாளர்களின் சிறப்புப் பதிப்பு சில ஆயிரம் பிரதிதான் அடிப்பார்கள். தீர்ந்தால் தீர்ந்தது, பிறகு இரட்டை விலை. மற்றதற்கெல்லாம் அவசரம் வேண்டாம். கிரைட்டீரியன் தட்டுகள் அமெரிக்காவில் ஜூலையிலும் நவம்பரிலும் பாதி விலைக்கு வரும். நவம்பரில் அங்கே இருக்கும் சொந்தக்காரர் முகவரிக்கு ஆர்டர் போட்டு, பொங்கலுக்கு வரும்போது பெட்டியில் கொண்டு வரச் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். துணிக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். கூரியரில் தருவித்தால் சுங்க வரியும் கூரியர்காரரின் கூலியும் வாசலில் வந்து நிற்கும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் பொத்தானை அழுத்த வேண்டும்.

நானும் ஒரு முறை இணையக் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், பிரித்துப் பார்க்காத ப்ளூரே என்று வாங்கினேன். அட்டை புதுசு, உள்ளே ஊதா நிறத்தில் எரித்த டிவிடி. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்து வைத்திருந்ததால் பணம் திரும்பியது. நீங்களும் எடுத்து வையுங்கள்.

வந்த பிறகு

தட்டை நெட்டாக நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்து அடுக்காதீர்கள். துடைக்க மெல்லிய பழைய வேட்டித் துணி போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுக்க வேண்டும், பாத்திரம் விளக்குகிற மாதிரி சுற்றக் கூடாது. பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் ஈரம் அதிகம், அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கரூர், நாமக்கல் பக்கம் சித்திரை வெயிலில் காருக்குள் தட்டை விட்டுவிட்டுப் போனால் அப்பளமாக வளையும்.

சோமனூர், பல்லடத்தில் தறிக்குடோனை ஒட்டி வீடு இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே தட்டை விடப் பிளேயர்தான் முதலில் கெடும். பஞ்சுத் தூசி உள்ளே போய் லென்ஸில் படியும், நல்ல தட்டும் படிக்காது. பெட்டிக்கு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள், ஆனால் ஓடும்போது எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் போகும். தறி போடுகிற நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

'மலைக்கள்ளன்' விஷயம் பாக்கி. கதை நாமக்கல் கவிஞருடையது, படம் எடுத்தது கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவில். நம்மூர்ச் சரக்குக்கே முழுப் பிரதி கிடைக்க எனக்கு மூன்று தட்டு மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாவதை அந்தியூர்ப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைப் பரணில் எடுத்தேன். 4:3க்கு வைத்துப் போட்டேன். அப்புச்சி எதிர்பார்த்த இடத்தில் பாட்டு வந்தது. கூடவே பாடிவிட்டு, "இவன் இப்பத்தான் எம்ஜியாரு மாதிரி இருக்கறான்" என்றார்.